மடி ஏன் இருக்கை ஆகாது?

குட்டித் தம்பி தங்கையுடன் காரில் போகும்போது கைகொடுக்கும் இயற்பியல்

தீபாவளிக்கு முதல் நாள். விடியற்காலை ஐந்து மணி. கோலாலம்பூரிலிருந்து சுங்கை பட்டாணியில் உள்ள பாட்டி வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். முறுக்கு டின், துணிப்பைகள், பட்டாசுப் பெட்டி எல்லாம் ஏறிவிட்டன. ஒன்றரை வயதுத் தம்பி மட்டும் தன் பாதுகாப்பு இருக்கையில் உட்கார மறுத்து, உடம்பை வில்லாக வளைத்து அழுகிறான்.

"பாவம், பிள்ளைய ஏன் கட்டி வைக்கிறீங்க? அக்கா மடியில உட்காரட்டும். நீ கெட்டியா பிடிச்சுக்கோம்மா, போதும்" என்கிறார் அத்தை.

மாணவர்களே, அந்த அக்காவின் இடத்தில் உங்களில் பலர் இருந்திருப்பீர்கள். வீட்டின் கடைக்குட்டியைப் பயணத்தில் சுமப்பது பெரும்பாலும் மூத்த பிள்ளைகளின் வேலைதான். அத்தை சொன்னதில் அன்பு இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால், 'கெட்டியாகப் பிடித்தால் போதுமா?' என்பது அன்பு விடை சொல்லும் கேள்வி அன்று. அதற்கு விடை உங்கள் அறிவியல் பாடநூலில் இருக்கிறது. வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கார் நிற்கும், தம்பி நிற்கமாட்டான்

பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம். யாரும் நம்மைத் தள்ளவில்லை. பேருந்து நின்றுவிட்டது, நம் உடல் மட்டும் தன் பழைய வேகத்திலேயே தொடர்ந்து செல்கிறது. இந்தப் பண்புக்கு நிலைமம் என்று பெயர். பள்ளியில் 'இனெர்சியா' என்று படிப்பீர்கள். வெளியிலிருந்து ஒரு விசை வந்து தடுக்கும்வரை, ஓடும் பொருள் அதே வேகத்தில், அதே நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். நியூட்டனின் முதல் விதி இதுவே.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்குள் அமைதியாகத் தூங்கும் குழந்தையும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. காருக்குள் இருப்பதால் அந்த வேகம் நமக்குத் தெரிவதில்லை. கார் எதன்மீதாவது மோதி நின்றால்தான் தெரியும்.

ஒரு விபத்தில் நடப்பது ஒரு மோதல் அன்று, மூன்று. முதலில், கார் மோதுகிறது. அடுத்து, காருக்குள் இருப்பவரின் உடல் எதன்மீதாவது மோதுகிறது. அது இருக்கை வாராகவும் இருக்கலாம், முன் இருக்கையின் முதுகாகவும் இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம். மூன்றாவதாக, உடலுக்குள் இருக்கும் மூளை மண்டையோட்டின் உட்புறத்திலும், மற்ற உறுப்புகள் எலும்புக்கூட்டிலும் மோதுகின்றன. முதல் மோதலைத் தவிர்ப்பது ஓட்டுநரின் பொறுப்பு. இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை, கார் கிளம்பும் முன்பே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

கணக்கு சொல்வது என்ன?

தம்பியின் பொருண்மை 10 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் வாங்கும் 10 கிலோ அரிசி மூட்டையின் அளவு. காரின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 13.9 மீட்டர். நெடுஞ்சாலை வேகம்கூட இல்லை, ஊருக்குள் ஓட்டும் வேகம்தான்.

உந்தம் = பொருண்மை × திசைவேகம்
= 10 × 13.9 = 139 கிலோகிராம் மீட்டர்/விநாடி

தம்பி நிற்க வேண்டுமானால் இந்த உந்தம் முழுவதும் பூச்சியமாக வேண்டும். அதற்கு ஒரு விசை வேண்டும். அந்த விசை எவ்வளவு என்பது, நிற்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

சராசரி விசை = உந்தத்தின் மாற்றம் ÷ நேரம்

நேர்முக மோதலில் காரின் முன்பகுதி நசுங்கி, கார் நிற்பதற்கு ஏறக்குறைய 0.1 விநாடி ஆகிறது என்று கொள்வோம்.

விசை = 139 ÷ 0.1 = 1,390 நியூட்டன்

10 நியூட்டன் என்பது ஏறக்குறைய 1 கிலோகிராம் பொருளின் எடை. எனவே 1,390 நியூட்டன் என்பது 139 கிலோகிராம் எடைக்குச் சமம். அதாவது, 14 அரிசி மூட்டைகளை ஒரே கணத்தில் உங்கள் இரு கைகளில் போட்டால் எப்படியிருக்கும்? பாரம் தூக்கும் வீரர்களே திணறும் சுமை அது. அந்த விசையைக் கொடுக்க நம் கைகளால் முடியாது. குழந்தை கையிலிருந்து பறந்துவிடும். நீங்கள் அவனை நேசிப்பது குறைவு என்பதால் அன்று. தசைகளுக்கு அவ்வளவு வலு இல்லை என்பதால்.

கையிலிருந்து நழுவிய குழந்தை அதே வேகத்தில் சென்று, ஏற்கெனவே நின்றுவிட்ட காரின் கெட்டியான ஒரு பகுதியில் மோதுகிறது. இப்போது நிற்பதற்கு 0.1 விநாடிகூடக் கிடைப்பதில்லை. 0.01 விநாடியில் நின்றால் விசை 13,900 நியூட்டன். நேரம் பத்தில் ஒரு பங்கானால் விசை பத்து மடங்காகும். பாடநூல் இதைக் கணத்தாக்கு விசை என்கிறது.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். விநாடிக்கு 13.9 மீட்டர் என்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் ஏறக்குறைய 47 மீட்டர். கிட்டத்தட்ட பதினைந்து மாடி! வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதே இதற்குக் காரணம். மூன்றாவது மாடிப் பலகணியின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்க யாராவது சம்மதிப்பார்களா?

'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே!'

வீட்டில் இதைச் சொன்னால் இந்தப் பதில் வரக்கூடும். "உங்க அப்பாவ நான் மடியிலதான் வச்சிக்கிட்டுப் போனேன். எத்தனையோ தடவை பிரேக் போட்டிருக்காங்க. விட்டுட்டேனா?" என்று பாட்டி கேட்பார். பாட்டி சொல்வது உண்மைதான். ஆனால் பிரேக் வேறு, மோதல் வேறு.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக்கை அழுத்தி மிதித்தால் நிற்க ஏறக்குறைய 2 விநாடி ஆகும்.

விசை = 139 ÷ 2 = ஏறக்குறைய 70 நியூட்டன்

இது 7 கிலோகிராம் எடையைத் தாங்குவதற்குச் சமம். உங்களால் முடியும், பாட்டியாலும் முடிந்தது. மோதலில் தேவைப்படுவதோ இதைப்போல் 20 மடங்கு. நம் கைகளின்மீது நமக்குள்ள நம்பிக்கை முழுவதும் பிரேக் போட்ட அனுபவத்திலிருந்து வந்தது. மோதலில் அந்த அனுபவம் உதவாது.

இன்னொன்றும் உண்டு. ஆபத்தைக் கண்டு நம் உடல் செயல்படத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். மோதலோ 0.1 விநாடியில் முடிந்துவிடுகிறது. 'இறுக்கிப் பிடி' என்று மூளை இடும் கட்டளை கைக்கு வந்து சேரும்போது, எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

மடியில் வைத்திருப்பவர் இருக்கை வார் அணியாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 50 கிலோகிராம் உள்ள அக்காவும் அதே வேகத்தில் முன்னால் பாய்வாள். முன் இருக்கைக்கும் அக்காவின் உடலுக்கும் நடுவில் தம்பி சிக்கிக்கொள்வான்.

சரி, ஒரே வாரை இருவருக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டால்? அதுவும் கூடாது. வார் நிற்க வைப்பது அக்காவை. அக்காவின் உடல் முழுவதும் தம்பியை அந்த வாரோடு வைத்து அழுத்தும்.

வார் இருக்கும்போது தனி இருக்கை எதற்கு?

இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மூன்று முனை இருக்கை வாரை 1959-இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நீல்ஸ் பூலின் வடிவமைத்தார். அதன் திறமை, உடலில் விசையைத் தாங்கக்கூடிய வலுவான இடங்களைத் தேர்ந்து பிடிப்பதில் இருக்கிறது. கீழ் வார் இடுப்பெலும்பைப் பிடிக்கிறது. மேல் வார் தோள் எலும்பையும் மார்புக்கூட்டையும் பிடிக்கிறது.

குட்டிக் குழந்தையின் உடலில் அந்த இடங்கள் இன்னும் தயாராகவில்லை. இடுப்பெலும்பின் முன்விளிம்பு வளர்ந்திராததால் கீழ் வார் அதில் தங்காமல் வழுக்கி வயிற்றின் மேல் ஏறிவிடும். அங்கே கல்லீரலும் குடலும்தான் இருக்கின்றன, எலும்பு இல்லை. மேல் வாரோ கழுத்தின் குறுக்கே போகும்.

குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையில் உள்ள வார்கள் இரு தோள்கள், இடுப்பின் இரு புறங்கள், கால்களுக்கு நடுவே என ஐந்து இடங்களில் பிடிக்கின்றன. அழுத்தம் = விசை ÷ பரப்பளவு. அதே விசை அதிகப் பரப்பில் பரவினால் ஓர் இடத்தில் விழும் அழுத்தம் குறைகிறது. அதோடு, இருக்கை காரோடு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், கார் நசுங்கி நிற்கும் அந்த 0.1 விநாடி முழுவதும் குழந்தைக்கும் கிடைக்கிறது. பாதுகாப்பு இருக்கை நமக்கு வாங்கித் தருவது இரண்டே பொருள்கள்: கொஞ்சம் கூடுதல் நேரம், கொஞ்சம் கூடுதல் பரப்பு.

பின்னோக்கி உட்காரும் விண்வெளி வீரர்

குழந்தை இருக்கையைக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். "பிள்ளைக்கு வெளியே ஒன்றும் தெரியாதே, காலை நீட்ட முடியாதே" என்று பெரியவர்கள் வருந்துவதும் உண்டு. ஏன் அப்படிப் பொருத்துகிறார்கள்?

தம்பியின் தலையைக் கவனியுங்கள். பிறந்த குழந்தையின் உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். ஒன்றரை வயதிலும் தலை உடலுக்குப் பெரிதாகவே இருக்கும். அதைத் தாங்கும் கழுத்தோ மெல்லியது. கழுத்து முள்ளெலும்புகளின் பகுதிகள் ஒன்றோடொன்று முழுமையாக எலும்பாகச் சேர்ந்திராமல், இடையிடையே குருத்தெலும்பாகவே இருக்கும். அவை சேர்ந்து கெட்டிப்படச் சில ஆண்டுகள் ஆகும்.

முன்னோக்கி அமர்ந்த குழந்தையை வார் பிடித்து நிறுத்தும்போது, உடல் நின்றுவிடும், தலை நிற்காது. அந்தப் பெரிய தலையின் உந்தம் முழுவதையும் கழுத்து மட்டுமே இழுத்து நிறுத்த வேண்டியிருக்கும். பின்னோக்கி அமர்ந்திருந்தால், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக இருக்கையின் முதுகுப் பலகையில் அழுந்தும். விசை முதுகு முழுவதும் பரவும், கழுத்து இழுபடாது.

இந்த எண்ணம் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் ஜெமினி விண்கல வீரர்கள், ராக்கெட் மேலெழும்போது ஏற்படும் பெரும் விசையை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும்படி மல்லாந்து படுத்திருப்பார்கள். அதைக் கண்ட சுவீடன் ஆய்வாளர் பெர்டில் ஆல்ட்மன், குழந்தைக்கும் இதுவே பொருந்தும் என்று சிந்தித்தார். 1964-இல் பின்னோக்கிய குழந்தை இருக்கையின் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. ஆகவே, பின்னோக்கி அமர்ந்திருக்கும் உங்கள் தம்பி ஒரு குட்டி விண்வெளி வீரர்!

ஐக்கிய நாடுகளின் 129-ஆம் விதிமுறைப்படி அமைந்த இருக்கைகளில், 15 மாதம் கடக்கும்வரை குழந்தை பின்னோக்கித்தான் அமர வேண்டும். 15 மாதம் ஆனதுமே திருப்பிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. இருக்கையின் உயர, எடை வரம்பு இடம் தரும்வரை பின்னோக்கியே வைத்திருப்பது நல்லது. கால் மடங்கியிருப்பதால் குழந்தைக்குத் துன்பமில்லை. வீட்டுத் தரையில் அவர்கள் எப்படிக் காலை மடக்கி உட்காருகிறார்கள் என்று பாருங்களேன்!

செய்து பாருங்கள்

தேவையானவை: பொம்மை லாரி, பிளாஸ்டிசின் களிமண், நூல், அகலமான ரிப்பன், நீளமான பலகை, சில தடித்த புத்தகங்கள்.

1. பலகையின் ஒரு முனையைப் புத்தகங்களின் மேல் வைத்துச் சாய்தளம் அமையுங்கள். கீழ் முனையில் கனமான புத்தகம் ஒன்றைத் தடையாக வையுங்கள்.

2. பெரிய தலையும் மெல்லிய கழுத்தும் உள்ள களிமண் பொம்மை ஒன்றைச் செய்து, கட்டாமல் லாரியில் உட்காரவைத்து உருளவிடுங்கள். பொம்மை எங்கே போய் விழுகிறது?

3. பொம்மையை நூலால் கட்டி மீண்டும் விடுங்கள். நூல் களிமண்ணில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது?

4. நூலுக்குப் பதிலாக ரிப்பன். பதிவு எப்படி மாறுகிறது?

5. லாரியில் ஓர் அட்டையை முதுகுப் பலகையாக ஒட்டுங்கள். பொம்மையை முதலில் முன்னோக்கியும், பிறகு பின்னோக்கியும் கட்டி விடுங்கள். ஒவ்வொரு முறையும் கழுத்தைக் கவனியுங்கள்.

முடிவுகளை அட்டவணையாக எழுதி வீட்டில் காட்டுங்கள். நூறு வார்த்தை சொல்வதைவிட அந்தக் கழுத்து வளைந்த பொம்மை நன்றாகப் பேசும்.

கிளம்பும் முன் ஐந்து சோதனைகள்

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தைப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்கும் குறைவான உயரமுள்ளவர்கள் தங்களுக்கு ஏற்ற பாதுகாப்பு அமைப்பில்தான் அமர வேண்டும். ஆனால் இருக்கை இருந்தால் மட்டும் போதாது. சரியாகப் பொருத்தியிருக்க வேண்டும். காரில் ஏறியதும் நீங்களே சோதிக்கலாம்.

ஒன்று: வாரோ ஐசோபிக்ஸ் கொக்கியோ இருக்கையைக் காரோடு பிணைக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. தளர்வான இருக்கை, கார் நின்ற பிறகும் ஓடும்.

இரண்டு: தோள் வாரை விரல்களால் கிள்ளுங்கள். மடிப்பாகக் கிள்ள முடிந்தால் வார் தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

மூன்று: வார் முறுக்கிக்கொண்டிருக்கிறதா? முறுக்கிய வார் ரிப்பன் அன்று, நூல்! சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: பின்னோக்கிய இருக்கையில் வார் தோளின் அளவிலோ சற்றுக் கீழோ தொடங்க வேண்டும், முன்னோக்கிய இருக்கையில் தோளின் அளவிலோ சற்று மேலோ.

ஐந்து: காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. கண் இமைக்கும் நேரத்தில் விரியும் அந்தப் பை, குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள பலகையை ஓங்கி அடிக்கும்.

ஒருமுறை விபத்தில் சிக்கிய பாதுகாப்பு இருக்கையை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

அழுகிற தம்பிக்கு என்ன வழி?

இயற்பியல் சரி. ஆனால் தம்பி இன்னும் அழுதுகொண்டுதானே இருக்கிறான்? நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஓரிடத்தில் அடங்கியிருப்பது பெரும் தண்டனை. அதை நாம் மதிக்க வேண்டும். அவன் தூங்கும் நேரத்தில் பயணத்தைத் தொடங்கலாம். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் நிறுத்தி, அவனை இறக்கி ஓடவிடலாம். மென்மையான துணிப் பொம்மையைக் கையில் கொடுக்கலாம். கனமான விளையாட்டுப் பொருள் வேண்டாம். மோதலில் அதற்கும் உந்தம் உண்டு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுங்கள், கதை சொல்லுங்கள். அவன் அழுகை எல்லை மீறினால், "அப்பா, அடுத்த ஓய்விடத்துல நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். ஓடும் காரில் மட்டும் வாரைக் கழற்றாதீர்கள்.

அத்தையிடம் வாதாட வேண்டாம். "அத்தை, ஒரு கணக்கு போட்டுக் காட்டட்டுமா?" என்று கேளுங்கள். பதினான்கு அரிசி மூட்டைகளைப் பற்றிச் சொல்லுங்கள். குழந்தைமீது அவருக்கு இருக்கும் அன்பே அவரைச் சம்மதிக்க வைக்கும். அதோடு மறக்காமல் நீங்களும் இருக்கை வாரை அணிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் பின் இருக்கையில் இருப்பவர்களுக்கும் அது 2009 முதல் கட்டாயம்.

சிந்திக்க

1. 12 கிலோகிராம் பொருண்மை கொண்ட குழந்தை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் உள்ளது. மோதலில் கார் 0.1 விநாடியில் நிற்கிறது. குழந்தையை நிறுத்தத் தேவைப்படும் சராசரி விசை என்ன?

2. அந்த விசை எத்தனை 10 கிலோ அரிசி மூட்டைகளின் எடைக்குச் சமம்?

3. காரின் முன்பகுதி நசுங்கவே நசுங்காத உறுதியான இரும்பால் ஆனதாக இருந்தால், உள்ளே இருப்பவர்களுக்கு அது நன்மையா, தீமையா? காரணம் கூறுக.

விடைகள்: 1) 90 கி.மீ./மணி = 25 மீ/வி. உந்தம் 300 கி.கி. மீ/வி. விசை 3,000 நியூட்டன். 2) 30 மூட்டைகள். 3) தீமை. நசுங்காத கார் மிகக் குறைந்த நேரத்தில் நின்றுவிடும்; நேரம் குறைந்தால் விசை கூடும்.